ஓராண்டில் நியூ ஜெர்சி, நியூயார்க், டெக்சாஸ், கலிஃபோர்னியா: மாநில வரியை எப்படிக் கணக்கிடுவது?

இர்விங்_புதியவன் | 16 பிப்ரவரி 2025

அனைவருக்கும் வணக்கம். 2024ஆம் ஆண்டுக்கான மாநில வரித் தாக்கலில் எனக்குப் பெரும் குழப்பம் ஏற்பட்டுள்ளது. முழு விவரத்தையும் எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்தருள வேண்டும்.

ஜனவரி முதல் ஜூன் வரை நியூ ஜெர்சியின் எடிசனில் குடியிருந்தேன். அலுவலகம் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் இருந்தது. வாரத்தில் மூன்று நாள் ரயிலில் சென்று வந்தேன். இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. மார்ச் மாதத்தில் மட்டும் நிறுவனமே என்னை டெக்சாஸின் டாலஸில் உள்ள வாடிக்கையாளர் அலுவலகத்துக்கு எட்டு வேலை நாட்கள் அனுப்பியது. என் மனைவிக்கு டாலஸில் வேலை கிடைத்ததால் ஜூலை 1 அன்று அதன் அருகிலுள்ள இர்விங்குக்குக் குடிபெயர்ந்தோம். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதங்களும் நான் கேட்டுக்கொண்டதன் பேரில் பழைய நிறுவனத்துக்கே இர்விங் வீட்டிலிருந்து வேலை செய்தேன். செப்டம்பரில் டெக்சாஸ் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். அவர்கள் அக்டோபர், நவம்பரில் ஆறு வாரம் கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவுக்கு அனுப்பினார்கள்.

இப்போது கையில் இரண்டு டபிள்யூ-2 படிவங்கள் (ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி நிறுவனம் தருபவை) உள்ளன. பழைய நிறுவனத்தின் படிவத்தில் மத்திய வரிக்கான கட்டம் 1இல் 96,000 டாலர். மாநிலச் சம்பளத்துக்கான கட்டம் 16இல் நியூயார்க் என்று அதே 96,000. அதற்குக் கீழே நியூ ஜெர்சி என்று 73,500. இரண்டையும் கூட்டினால் நான் சம்பாதிக்காத பணத்துக்கும் வரி கேட்பது போலத் தெரிகிறது. நியூயார்க்குக்கு வரி பிடித்திருக்கிறார்கள். நியூ ஜெர்சிக்கு ஒரு காசும் பிடிக்கவில்லை. புதிய நிறுவனத்தின் படிவத்தில் 56,000 டாலர் சம்பளம் இருக்கிறது. மாநிலக் கட்டங்கள் வெறுமையாக உள்ளன. கலிஃபோர்னியா என்ற பெயரே அதில் இல்லை.

டபிள்யூ-2 தவறா? திருத்தித் தரச் சொல்லிப் பழைய நிறுவனத்தைக் கேட்க வேண்டுமா?

ஹட்சன்_கரையோரம் | 16 பிப்ரவரி 2025

திருத்தம் கேட்டு அலைய வேண்டாம். ஆண்டுதோறும் பிப்ரவரியில் ஜெர்சி வாசிகள் பாதிப்பேர் இந்தக் கட்டம் 16ஐப் பார்த்து அதிர்ச்சி அடைகிறார்கள். நானும் முதல் ஆண்டில் அடைந்தேன். ஊழியர் நியூயார்க்கில் ஓராண்டில் எத்தனை நாள் வேலை செய்திருந்தாலும், மத்திய வரிக்குரிய சம்பளம் முழுவதையும் நியூயார்க் சம்பளமாகக் காட்ட வேண்டும் என்பது அந்த மாநிலம் நிறுவனங்களுக்கு இட்டிருக்கும் விதி. அதில் நியூயார்க்குக்கு உண்மையில் எவ்வளவு சேரும் என்பதை நாம்தான் படிவத்தில் பிரித்துக் காட்ட வேண்டும்.

உங்கள் அரையாண்டுச் சம்பளம் 72,000 ஆக இருக்கும்போது நியூ ஜெர்சி 73,500 என்று காட்டுவதற்கும் காரணம் உண்டு. மருத்துவக் காப்பீட்டுக்காகச் சம்பளத்தில் வரிக்கு முன் பிடிக்கும் தொகையை மத்திய அரசு விலக்குகிறது. நியூ ஜெர்சி விலக்குவதில்லை. அந்த 1,500 டாலர் வேறுபாடு அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பேரேடு | 17 பிப்ரவரி 2025

மத்திய வருவாய்த் துறையில் பதிவு பெற்ற வரி முகவராகப் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். மேலே நண்பர் சொன்னது சரி. அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன், இந்த அடிப்படை புரியாமல் மென்பொருளில் எண்களை நிரப்புவதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

ஒரு மாநிலம் இரண்டு வழிகளில் உங்களிடம் வரி கேட்கலாம். நீங்கள் அங்கே குடியிருந்தால், உலகில் எங்கே சம்பாதித்தாலும் கேட்கும். நீங்கள் அங்கே குடியிராதவர் என்றால், அந்த மண்ணில் செய்த வேலைக்குரிய சம்பளத்துக்கு மட்டும் கேட்கும். இரண்டும் ஒரே சம்பளத்தின் மேல் விழும்போது, வேலை செய்த மாநிலம் முதலில் எடுத்துக்கொள்ளும். குடியிருப்பு மாநிலம் அந்த வரிக்கு ஒரு கிரெடிட் தரும், அதாவது தன் வரியில் கழித்துக்கொள்ளும். அந்த கிரெடிட்டுக்கு உச்சவரம்பு உண்டு. அதே வருமானத்துக்குத் தன் விகிதப்படி எவ்வளவு வரி வருமோ அதற்கு மேல் குடியிருப்பு மாநிலம் தராது. ஆகவே இறுதியில் நீங்கள் இரண்டு வரிகளில் எது அதிகமோ அதைக் கட்டியவர் ஆகிறீர்கள்.

உங்கள் நிலையை இதில் பொருத்திப் பார்ப்போம். நியூயார்க்கில் நீங்கள் ஒருநாளும் குடியிருக்கவில்லை. எனவே ஆண்டு முழுவதற்கும் குடியிராதவருக்கான ஐடி-203. நியூ ஜெர்சியில் ஆறு மாதம் குடியிருந்தீர்கள்; எனவே பகுதியாண்டுக் குடியிருப்பாளராக என்ஜே-1040. கலிஃபோர்னியாவுக்குக் குடியிராதவருக்கான 540என்ஆர். டெக்சாஸில் சம்பளத்துக்கு வரி இல்லாததால் படிவமும் இல்லை.

நியூயார்க் படிவத்தை முடித்த பிறகே நியூ ஜெர்சி படிவத்தைத் தொடங்குங்கள். வேறு மாநில வரிக்குக் கிரெடிட் கேட்கும் நியூ ஜெர்சியின் சிஓஜே அட்டவணை கேட்பது நியூயார்க் உங்கள் மேல் இறுதியாக விதித்த வரியை. டபிள்யூ-2இல் பிடித்த தொகையை அன்று. பிடித்தத் தொகையை அங்கே எழுதிவிட்டு இரண்டு ஆண்டுகள் கழித்து வட்டியுடன் கட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

லோன்ஸ்டார்_தமிழன் | 17 பிப்ரவரி 2025

பேரேடு ஐயாவின் விளக்கம் தெளிவு. ஆனால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. இந்த இரண்டு மாதமும் நண்பர் டெக்சாஸில் குடியிருந்து, டெக்சாஸ் மண்ணில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார். நியூயார்க்கில் கால் வைக்கவே இல்லை. "அந்த மண்ணில் செய்த வேலைக்கு மட்டும்" என்று ஐயாவே எழுதியிருக்கிறார். அப்படியென்றால் 24,000 டாலரை நியூயார்க் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டியதுதானே? அந்தப் பிடித்தத்தைத் திரும்பக் கேட்காமல் விடுவது நியூயார்க்குக்கு அன்பளிப்புத் தருவது போலாகும்.

பேரேடு | 18 பிப்ரவரி 2025

இயல்பான அறிவு அப்படித்தான் சொல்லும். நியூயார்க்கின் விதி அப்படிச் சொல்வதில்லை.

அலுவலகம் நியூயார்க்கில் இருக்கும் ஒருவர் வேறு மாநிலத்திலுள்ள தம் வீட்டிலிருந்து வேலை செய்தால், அது அவருடைய வசதிக்காகவா நிறுவனத்தின் கட்டாயத் தேவைக்காகவா என்று அந்த மாநிலம் பார்க்கிறது. ஊழியரின் வசதிக்காக என்றால் அந்த நாள் நியூயார்க்கில் வேலை செய்த நாளாகவே எண்ணப்படும். எடிசனில் வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து செய்த வேலைக்கும் இதே விதிதான். ஆனால் அங்கே வலி தெரியவில்லை. ஏனென்றால் நியூ ஜெர்சி கிரெடிட் தந்து சமன் செய்துவிடுகிறது. டெக்சாஸில் வரியே இல்லை. ஆகவே கிரெடிட் தருவதற்கும் யாரும் இல்லை. நியூயார்க் எடுத்துக்கொள்வது முழுவதும் உங்கள் கையை விட்டுப் போவதுதான். வரியில்லா மாநிலத்துக்குக் குடிபெயர்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

இதை நீதிமன்றத்தில் எதிர்த்தவர்கள் உண்டு. கனெக்டிகட்டில் குடியிருந்து நியூயார்க் நகரச் சட்டக் கல்லூரி ஒன்றில் கற்பித்த பேராசிரியர் எட்வர்ட் ஜெலின்ஸ்கி, வீட்டில் செய்த ஆய்வுப் பணிக்கு நியூயார்க் வரி விதிக்கக் கூடாது என்று வாதாடி 2003இல் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார். இந்த இழைக்கு இன்னும் பொருத்தமானது 2005இல் வந்த ஹக்கபி வழக்கு. அவர் கணினி நிரலாளர், டென்னசியில் குடியிருந்தார், அங்கும் சம்பளத்துக்கு வரி இல்லை. தம் வேலையில் ஏறத்தாழ முக்கால் பங்கை டென்னசியிலேயே செய்தார். நான்குக்கு மூன்று என்ற வாக்கில் தீர்ப்பு அவருக்கு எதிராகப் போயிற்று. முழுச் சம்பளத்துக்கும் நியூயார்க்குக்கு வரி கட்ட வேண்டியிருந்தது.

வீட்டை நிறுவனத்தின் உண்மையான அலுவலகமாகக் காட்டினால் விலக்கு உண்டு. அதற்கான அளவுகோல்களை 2006இல் நியூயார்க் ஒரு குறிப்பாணையில் வரிசைப்படுத்தியது. வேலைக்கு இன்றியமையாத தனிவகைக் கருவியோ ஆய்வுக்கூடமோ வீட்டிலோ அதன் அருகிலோ இருக்க வேண்டும் என்பது முதன்மையான அளவுகோல். அது இல்லாவிட்டால் வேறு பல நிபந்தனைகள் ஒருசேர நிறைவேற வேண்டும். மடிக்கணினியும் மேசையும் அந்த வாசலைத் தாண்டுவது கடினம்.

இர்விங் நண்பரே, "நான் கேட்டுக்கொண்டதன் பேரில்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நிறுவனத்தின் கோப்பிலும் அப்படியே இருந்தால் இந்த 24,000ஐக் கழிக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் மார்ச் மாதத்து எட்டு நாட்கள் வேறு கதை. அவை நிறுவனம் அனுப்பிய நாட்கள். அவற்றைக் கட்டாயம் கழியுங்கள்.

லோன்ஸ்டார்_தமிழன் | 18 பிப்ரவரி 2025

தீர்ப்புகளை நான் அறிந்திருக்கவில்லை, திருத்தியமைக்கு நன்றி. ஆனாலும் ஒரு மாநிலம் தன் எல்லைக்கு வெளியே கை நீட்டி வரி எடுப்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் எப்படிப் பொறுத்துக்கொள்கிறது?

ஹட்சன்_கரையோரம் | 19 பிப்ரவரி 2025

பெருந்தொற்றின்போது வீட்டிலிருந்து வேலை செய்த நியூ ஹாம்ப்ஷயர் மக்களிடம் மாசசூசெட்ஸ் வரி பிடித்ததை எதிர்த்து நியூ ஹாம்ப்ஷயர் நேராக உச்ச நீதிமன்றத்துக்கே சென்றது. நியூ ஜெர்சியும் ஆதரவாக மனுக் கொடுத்தது. 2021 ஜூனில் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது. அதற்குப் பிறகு நியூ ஜெர்சி 2023இல் பழிக்குப் பழியாக ஒரு சட்டம் கொண்டுவந்தது: எந்த மாநிலம் இப்படி விதி வைத்திருக்கிறதோ, அந்த மாநிலத்தில் குடியிருந்து நியூ ஜெர்சி நிறுவனத்துக்கு வேலை செய்பவர்களுக்கு நியூ ஜெர்சியும் அதே விதியைப் போடும்.

பழிவாங்கும் வரிக்கு இந்த நாட்டில் வரலாறு உண்டு. 1991 கூடைப்பந்து இறுதியில் மைக்கேல் ஜோர்டானின் சிகாகோ அணி லாஸ் ஏஞ்சலிஸை வீழ்த்திய பிறகு கலிஃபோர்னியா அந்த ஆட்டக்காரர்களிடம் வரி கேட்டதாம். இல்லினாய் பதிலுக்கு வெளிமாநில ஆட்டக்காரர்கள் மேல் வரி போட்டது. அதைக் கேலியாக "ஜோர்டானின் பழி" என்றே சொல்வார்கள்.

இர்விங்_புதியவன் | 22 பிப்ரவரி 2025

அனைவருக்கும் நன்றி. பழைய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு எழுதினேன். ஜூலை, ஆகஸ்ட் ஏற்பாடு ஊழியரின் தனிப்பட்ட வேண்டுகோள் என்றுதான் அவர்கள் பதிவில் இருக்கிறது. டாலஸ் பயணத்துக்கு மட்டும் நிறுவனம் அனுப்பியதாகக் கடிதம் தந்தார்கள். அந்த எட்டு நாட்களை எப்படிக் கணக்கிடுவது? கலிஃபோர்னியாவைப் பற்றியும் யாரேனும் சொல்ல வேண்டுகிறேன். என்னோடு அங்கே வந்த சக ஊழியர் மூவரும், டபிள்யூ-2இல் பெயரே இல்லாத மாநிலத்துக்குப் படிவம் போடுவது வம்பை விலைக்கு வாங்குவது என்கிறார்கள்.

பேரேடு | 23 பிப்ரவரி 2025

நியூயார்க்குக்கு ஐடி-203-பி என்ற இணைப்பு இருக்கிறது. பழைய நிறுவனத்தில் இருந்த எட்டு மாதங்களுக்கு மட்டும் கணக்கிடுங்கள். சனி, ஞாயிறு, விடுமுறை, நோய் விடுப்பு எல்லாம் கழித்தபின் எத்தனை நாட்கள் வேலை செய்தீர்கள் என்பது பின்னத்தின் கீழெண். அதில் நியூயார்க்குக்கு வெளியே நிறுவனத்தின் தேவைக்காகச் செய்த நாட்களைக் கழித்தால் மேலெண். 2024 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை திங்கள் முதல் வெள்ளி வரையிலான நாட்கள் 175. அரசு விடுமுறை 6, நீங்கள் எடுத்த விடுப்பு 9 என்று வைத்துக்கொண்டால் 160 வேலை நாட்கள். எட்டு நாள் என்பது இருபதில் ஒரு பங்கு. ஆக 96,000இல் 4,800 டாலர் நியூயார்க்கை விட்டு வெளியேறுகிறது. 91,200 அங்கேயே நிற்கிறது.

அந்த 4,800 டாலர் முற்றிலும் தப்பிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். மார்ச்சில் நீங்கள் நியூ ஜெர்சியில் குடியிருந்தீர்கள். நியூயார்க் அதற்கு வரி விதிக்காததால் நியூ ஜெர்சி அதற்கு கிரெடிட் தராது. தன் வரியை எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த வருமான அளவில் நியூ ஜெர்சியின் விகிதம் நியூயார்க்கினுடையதில் பாதிகூட இல்லை. உங்களுக்கு லாபம்தான்.

கலிஃபோர்னியாவில் இத்தனை நாள் வரை வரி இல்லை என்ற சலுகை சம்பளக்காரருக்குக் கிடையாது. முதல் நாளிலிருந்தே வரி உண்டு. நிறுவனம் வரி பிடிக்கவில்லை என்பது நிறுவனத்தின் தவறு. அதனால் உங்கள் கடமை நீங்கிவிடாது. முப்பது நாள் வரை வெளிமாநிலத்தில் வேலை செய்பவருக்கு விலக்கு அளிக்கும் மத்திய மசோதா ஒன்று பிரதிநிதிகள் சபையில் மூன்று முறையாவது நிறைவேறியும் செனட்டைத் தாண்டவில்லை.

சக ஊழியர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். படிவம் போட்டவருக்குத் தணிக்கைக் காலம் சில ஆண்டுகளில் முடிந்துவிடும். படிவமே போடாதவருக்கு அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவதே இல்லை. பச்சை அட்டை பெற்றுப் பின்னர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, மத்திய, மாநில, உள்ளூர் வரிப் பாக்கி ஏதேனும் உண்டா என்ற கேள்வி விண்ணப்பத்திலேயே இருக்கிறது. எச்-1பி வேலை விசாக் காலத்தில் பழகிய அலட்சியம் அந்தக் காலத்திலும் தொடர்ந்தால் சிக்கல்.

இர்விங்_புதியவன் | 24 பிப்ரவரி 2025

செப்டம்பர் 3 முதல் டிசம்பர் இறுதி வரை எனக்கு 84 வேலை நாட்கள். அதில் 30 நாட்கள் சான்டா கிளாராவில். 56,000இல் அந்தப் பங்கு சரியாக 20,000 டாலர் வருகிறது. இருபதாயிரத்துக்கு மட்டும் வரி என்றால் தொகை அற்பமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மென்பொருள் ஆயிரம் டாலரைத் தாண்டிக் காட்டுகிறது. மனைவியின் டாலஸ் சம்பளத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அவள் கலிஃபோர்னியாவுக்குச் சுற்றுலாகூடச் சென்றதில்லை! நான் எங்கேனும் தவறாகக் குறித்துவிட்டேனா?

பேரேடு | 24 பிப்ரவரி 2025

தவறு இல்லை. கலிஃபோர்னியா முதலில் நீங்கள் இருவரும் ஆண்டு முழுவதும் அங்கேயே குடியிருந்ததாக வைத்துக்கொண்டு மொத்த வருமானத்துக்கும் வரியைக் கணக்கிடும். அந்தச் சராசரி விகிதத்தை உங்கள் 20,000 டாலர் பங்கின் மேல் பொருத்தும். மனைவியின் சம்பளத்துக்கு வரி விதிக்கவில்லை. ஆனால் அந்தச் சம்பளம் உங்கள் விகிதத்தை மேலே ஏற்றிவிடுகிறது. நியூயார்க்கும் இதே முறையைத்தான் கையாளுகிறது. நியூ ஜெர்சியின் பகுதியாண்டுப் படிவம் மட்டும் நீங்கள் அங்கே குடியிருந்த காலத்து வருமானத்தையே பார்க்கிறது. தனிநபர் விலக்குத் தொகையையும் மாதக் கணக்கில் குறைத்துத்தான் தரும்.

சாண்ட்லர்_சாரல் | 26 பிப்ரவரி 2025

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். அரிசோனாவில் குடியிருந்து கலிஃபோர்னியாவில் மூன்று மாதம் வேலை செய்தேன். அரிசோனா படிவத்தில் கிரெடிட் கேட்டபோது மென்பொருள் மறுத்துவிட்டது. பேரேடு ஐயா சொன்ன விதி எனக்கு ஏன் பொருந்தவில்லை?

பேரேடு | 26 பிப்ரவரி 2025

நீங்கள் விதிவிலக்கு. அரிசோனா, ஓரிகன், வர்ஜீனியா ஆகியவற்றில் குடியிருப்பவர்களுக்குக் கலிஃபோர்னியாவோடு தலைகீழ் ஏற்பாடு. அரிசோனாவுக்கு முழு வரியையும் கட்டிவிட்டு, கிரெடிட்டைக் கலிஃபோர்னியாவின் குடியிராதவர் படிவத்தில் கேளுங்கள்.

செர்ரிஹில்_செல்வி | 1 மார்ச் 2025

நியூ ஜெர்சியில் குடியிருந்து பென்சில்வேனியாவில் வேலை செய்பவர்கள் இந்த இழையைப் படித்து அஞ்ச வேண்டாம். இரு மாநிலங்களுக்கும் இடையே நெடுங்காலமாக ஒப்பந்தம் இருக்கிறது. சம்பளத்துக்குக் குடியிருப்பு மாநிலம் மட்டுமே வரி விதிக்கும். வேலையில் சேரும்போதே விலக்குப் படிவத்தை நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால் போதும். நான் கொடுக்கத் தவறியதால் ஓராண்டு முழுவதும் பென்சில்வேனியாவுக்குப் பிடித்துவிட்டார்கள். அதைத் திரும்பப் பெறவே ஒரு படிவம் போட நேர்ந்தது. இந்த ஒப்பந்தம் ஃபிலடெல்ஃபியா நகர வரியைத் தடுக்காது. அந்த நகர வரிக்கு நியூ ஜெர்சி படிவத்தில் கிரெடிட் கேட்கலாம் என்பதைப் பலர் அறியாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஓபிடி_மாணவன் | 2 மார்ச் 2025

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கும் இதே விதிகளா? நான் டெக்சாஸில் படிக்கிறேன். கோடையில் கலிஃபோர்னியாவில் பயிற்சி வேலை செய்தேன். மத்திய வரியில் இந்திய ஒப்பந்தப்படி நிலையான கழிவு கிடைத்தது.

பேரேடு | 2 மார்ச் 2025

விசா எதுவானாலும் மாநிலம் பார்ப்பது குடியிருப்பையும் வேலை செய்த இடத்தையும்தான். கலிஃபோர்னியாவுக்கு 540என்ஆர் போடுங்கள். இந்தியாவுடனான வரி ஒப்பந்தம் மத்திய அரசுக்குரியது. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா ஆகியவை அதை ஏற்பதில்லை. ஆனால் கலிஃபோர்னியாவுக்குத் தனியாக ஒரு நிலையான கழிவு உண்டு. அதில் உங்கள் பங்கு கிடைக்கும்.

இர்விங்_புதியவன் | 9 ஏப்ரல் 2025

நேற்று மூன்று மாநிலப் படிவங்களையும் தாக்கல் செய்துவிட்டேன். நியூயார்க்கை முதலில் முடித்தேன்; 91,200 காட்டி, மிகுதிப் பிடித்தத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறேன். நியூ ஜெர்சி கிரெடிட் போக 120 டாலர் அளவில் கட்ட வேண்டி வந்தது. அதில் பெரும்பகுதி அந்த டாலஸ் எட்டு நாட்களால் வந்தது. கலிஃபோர்னியாவுக்கு ஆயிரத்துச் சொச்சம் கட்டியபோது மனம் வலித்தது. டெக்சாஸில் செய்த இரண்டு மாத வேலைக்காக நியூயார்க்கிடம் விட்டுக்கொடுத்தது தோராயமாக 1,200 டாலர். ஜூன் மாதமே வேலையை மாற்றியிருந்தால் அது மிச்சமாகியிருக்கும் என்று மனைவி ஒருமுறை சொன்னாள், பிறகு சொல்லவில்லை.

இர்விங்_புதியவன் | 30 மே 2025

பின்னால் வருபவர்களுக்காக ஒரு தகவல். திரும்பத் தர வேண்டிய தொகையை நிறுத்திவைத்து, நியூயார்க் வரித் துறை கடிதம் அனுப்பியது. வெளியே வேலை செய்ததாகக் காட்டிய எட்டு நாட்களுக்குச் சான்று கேட்டார்கள். நிறுவனத்தின் கடிதம், விமானப் பயணச் சீட்டு, விடுதி ரசீது, நாள்வாரியாக எழுதிய பட்டியல் ஆகியவற்றை அவர்கள் இணையதளத்திலேயே பதிவேற்றினேன். விடுதி ரசீது ஒன்று தொலைந்திருந்தது. விடுதிக்கு எழுதி மறுபடி வாங்கினேன். நேற்றுப் பணம் முழுவதும் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. சான்டா கிளாரா நாட்களுக்கும் இதே கோப்பில் சீட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். கலிஃபோர்னியாவிடமிருந்து இதுவரை கடிதம் இல்லை.